இடது கைக்கு ஒரு மேசை

சின்னக்கரடு,
3-8-85.

அன்புள்ள மாப்பிள்ளை பச்சமுத்துவுக்கு, உன் தாய்மாமன் தங்கதுரை எழுதிக்கொண்டது.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும்னு நான் அன்னிக்கே சொன்னேன். உன் தங்கச்சி அமிர்தம் பல்லு முளைக்காத வயசுல இடது கையால புழுதியில கோடு கிழிச்சுக்கினு உக்காந்திருந்தப்ப, இந்தக் கையத் தேடிக்கினு ஒருநாள் சர்க்காரே நம்ம வாசலுக்கு வரும்னு சொன்னவன் நான். நீ பக்கத்துலதான் நின்ன, டவுசர்ல பொத்தான் இல்ல, உனக்கு ஞாபகம் இருக்காது, ஆனா சொன்னேன். சரி, மொதல்ல சௌக்கிய சமாச்சாரம். இங்க நான், உங்கம்மா, அமிர்தம், செவலைப் பசு, அது போட்ட கிடேரிக் கன்னு எல்லாரும் தின்னு தூங்கி நல்லா இருக்கோம். அங்க பிலாயில இரும்பு உருக்குற அனல்ல நீயும் வாடாம வதங்காம இருக்கன்னு ஒரு வரி எழுதினா உங்கம்மா சோத்த ஒழுங்கா தின்னும். இப்ப விஷயத்துக்கு வர்றேன், நின்னுக்கினு படிச்சா உக்காந்துக்க. நம்ம வூட்டு வண்டிக் கொட்டாய் இந்த வாரத்துலேருந்து தபாலாபீசு. அமிர்தம் அதுக்கு போஸ்ட் மாஸ்டர். நீ போன கடுதாசியில எழுதியிருந்தியே, ஓட்டு வூட்டுல ஆபீசு வைக்க இடம் எங்க இருக்கு மாமா, பொண்ணுக்கு வீணா ஆசை காட்டாதீங்கன்னு, அந்த வரிய நான் உங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டல. அது தேவையும் படல.

உனக்குத் தெரியாதது ஒண்ணு சொல்றேன். கிராமத்துத் தபாலாபீசுக்கு சர்க்கார் கட்டடம் கட்டித் தராது. வேலைக்கு யாரு தேறுறாங்களோ அவங்களே தன் வூட்டுல இடம் காட்டணும். இன்ஸ்பெக்டர் வந்து பாத்து, இடம் வசதின்னு எழுதினாத்தான் வேலை. நம்ம ஊர்ல எஸ்.எஸ்.எல்.சி. தேறினது ரெண்டு பேர், ஒண்ணு அமிர்தம், இன்னொண்ணு மாயவன் மகன் பாவாடை. மாயவன் வூடு மெத்தை வூடு, மொசைக்கு தரை, ஃபேன் எல்லாம் இருக்கு. நம்ம கிட்ட இருந்தது வண்டி இல்லாத ஒரு வண்டிக் கொட்டாய், அதுலயும் பாதி வெறகு, பாதி கடலைத் தொலி. அக்கா, உங்கம்மாதான், கேட்டுச்சு, ஏன்டா தொரை, இங்கயா சர்க்கார் வந்து குந்தும்னு. குந்தும், நான் குந்த வைக்கிறேன்னு சொன்னேன். அமிர்தம் துடப்பத்த எடுத்துக்கினு போயி கடலைத் தொலிய வார ஆரம்பிச்சுது. அப்பவே தெரிஞ்சுக்கினேன், இந்தப் பொண்ணு மனசுக்குள்ள எவ்ளோ ஆசை வெச்சிருக்குதுன்னு. உனக்கே தெரியும், வந்த மாப்பிள்ளை வூட்டாருங்க எல்லாம் காப்பிய இடது கையால குடுத்துட்டான்னு பலகாரத்தத் தின்னுட்டு எழுந்து போனவங்கதான். அதுக்கப்புறம் வூட்டுக்கு யார் வந்தாலும் அது முன்கட்டுக்கே வர்றதில்ல. அந்தக் கைக்கு இந்த ஊர்ல ஒரு வேலை வேணும் மாப்ள, எனக்கு வேற ஆசை கிடையாது.

இனி நான் போட்ட வேலைய சொல்றேன், கவனமா படி, அங்க உன் குவாட்டர்சுல ஒரு மேசை போடணும்னா உனக்கும் ஒதவும். காசு போட்டு வாங்கின சாமான் ரொம்பக் கம்மி. கொல்லப்பக்கம் கழட்டிப் போட்ட பழைய கதவு இருந்துச்சில்ல, வேப்பம்பலகை, அடியில உளுத்த பக்கத்த அறுத்துத் தள்ளிட்டு இழைப்புளி போட்டு இழைச்சேன், கண்ணாடி மாதிரி வந்துச்சு, மொகம் பாத்து சவரம் பண்ணலாம். அதை வண்டிச் சட்டத்துலேருந்து எடுத்த நாலு கட்டை மேல ஏத்தினா மேசை. நொகத்தடிய செவுத்துல அடிச்சு, அதுல தபால் பைங்கள மாட்ட ஆணி வெச்சேன். எண்ணெய் டின்னுங்கள குறுக்க அறுத்து, வெளிம்ப சுத்தியால மடிச்சு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, கோயில் கதவுக்கு அடிச்சு மீந்த நீல பெயிண்ட் அடிச்சா கடுதாசி பிரிச்சுப் போடுற அறைங்க. ஒவ்வொரு டின்னு மேலயும் அமிர்தம் ஊர் பேர எழுதிச்சு பாரு, அச்சடிச்ச மாதிரி. செவுத்துக்கு சுண்ணாம்புல கொஞ்சம் நீலம் கலந்து அடிச்சோம். தரைய சாணியில கரித்தூள் போட்டு மொழுகி, ஓரம் பூரா செம்மண் பட்டை. அக்காவோட சின்னாளப்பட்டி சேலை ஒண்ணு ஜன்னலுக்குத் திரை ஆச்சு, அதுல கொஞ்ச நாள் அக்காவுக்கு என் மேல கோவம். கால் போன நாற்காலிக்குக் கால் வெச்சேன், அமிர்தம் கூடை பின்னுற ஒயர்ல பச்சையும் மஞ்சளுமா அதுக்கு உக்கார்ற இடம் பின்னிடுச்சு. முத்திரை குத்துறப்ப அடியில மெத்துன்னு ஏதாவது இருக்கணுமாம், இல்லன்னா எழுத்து விழாதாம், அதுக்கு சைக்கிள் டியூபை வெட்டி அடுக்கி மேல பழைய போர்வைத் துணி தெச்சுது. முன்னால மறைப்புக்கு மூங்கில் தட்டி, கல்வராயன் மலை உச்சியில நானே ஏறி நானே வெட்டி இறக்கினது. சரி, கச்சிராப்பாளையம் சந்தையில வாங்கினது, ஆனா மூங்கில் மலையிலேருந்துதான் வந்துச்சு.

வெளிச்சத்துக்கு ஓட்டுல ஒரு கண்ணாடி ஓடு போட்டேன், தியாகதுருகத்துல வாங்கி மடியில வெச்சு பஸ்சுல கொண்டாந்தேன். எழுதறவங்களுக்கு வெளிச்சம் இடது பக்கத்துலேருந்து வரணும்னு நம்ம வாத்தியார் சொல்லுவாரே, அந்த ஞாபகத்துல மேசைக்கு இடது பக்கம் போட்டுட்டேன். அமிர்தம் உக்காந்து எழுதுது, எழுதற எடத்துல அதோட கை நிழலே விழுது. மாமா, வாத்தியார் சோத்துக்கை பசங்களுக்கு சொன்னது, எனக்கு இல்லன்னு சொல்லிச்சு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது, இல்ல, மொதல்லயே உறைச்சுது, அது சொல்லட்டும்னு விட்டிருந்தேன். மறுபடி கூரை ஏறி ஓட்ட வலது பக்கம் மாத்தினேன், ஏறுறப்ப நாலு நாட்டு ஓடு ஒடஞ்சுது, அத உங்கம்மா உனக்கு எழுதினா நம்பாத, அதுங்க ஏற்கனவே விரிசல்.

எல்லாம் முடிஞ்சு ஒத்திகை பாத்தோம். நானும் அக்காவும் தபாலாபீசுக்கு வர்ற ஆளுங்க, அமிர்தம் தட்டிக்குப் பின்னால. மரவள்ளிக்கிழங்க வட்டமா நறுக்கி அதுல நான் ஊர் பேர செதுக்கி முத்திரை பண்ணிக் குடுத்தேன். அக்கா நெசமாவே சீலைத் தலைப்ப மூடிக்கினு, ஏம்மா என் மவன் பிலாயிலேருந்து பணம் அனுப்பிச்சானான்னு கேட்டுச்சு, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது. அமிர்தம் முத்திரைய டப்புன்னு குத்தி, ரசீத எடுத்து நீட்டுச்சு. இடது கையால. அந்த நேரம் பாத்து மாயவன் வாசல்ல நின்னுக்கினு இருந்தான். எப்ப வந்தான்னே தெரியல. இன்னா தங்கதொரை, கொட்டாய் ஷோக்காத்தான் கீது, ஆனா பீச்சாங்கையால குடுக்கற காச எவன் வாங்குவான், இன்ஸ்பெக்டர் கிட்ட நானே சொல்லப்போறேன்னு சொல்லிட்டு, துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினு போயிட்டான். நான் விடுவனா, உன் சோத்துக்கையால ஊருக்கு நீ இன்னாய்யா குடுத்துட்டன்னு கேட்டேன். அவன் தெரு முனையத் திரும்பினப்புறம் கேட்டேன், ஆனா சத்தமா கேட்டேன். திரும்பிப் பாத்தா அமிர்தம் கிழங்கு முத்திரைய மேசை மேல வெச்சுட்டு எழுந்துடுச்சு. வேணாம் மாமா, பாவாடை வூட்லயே வெச்சுக்கட்டும், எனக்கு இந்தக் கைதான் முன்னால வருது, நான் இன்னா பண்ணுவேன்னு உள்ள போயிடுச்சு. ஒயர் நாற்காலி காலியா கிடந்துச்சு. அத்தனை அழகா செஞ்சு வெச்ச எடம், ஆள் இல்லன்னா கொட்டாய்தான் மாப்ள.

ஒங்க மாமன் மூளைய நீ கொறைச்சு எடை போட்டிருக்க. மேசைப் பலகைய வெறிச்சு வெறிச்சுப் பாத்தேன். கைய மாத்த முடியாது, மேசைய மாத்தலாமேன்னு தோணுச்சு. தட்டியில ஜன்னல நடுவுல விட்டிருந்தேன், அது தப்பு. நடுவுல இருந்தா எந்தக் கை மொதல்ல வருதோ அதுதான் நீளும். ஜன்னல அடைச்சுட்டு, உக்கார்றவங்களுக்கு வலது கைப் பக்கம், மேசையோட ஓரத்துல புதுசா ஒண்ணு திறந்தேன். மை, முத்திரை, டியூப் மெத்தை, ரசீதுக் கட்டு எல்லாத்தையும் இடது கோடிக்கு நகர்த்தினேன். இப்ப இடது கை எழுதும், குத்தும், அங்கேருந்து ஜன்னலுக்கு எட்டாது. வலது கை ஜன்னல் கிட்டயே சும்மா குந்தியிருக்கும், அதுவா எடுத்து நீட்டும். அமிர்தத்த கூப்பிட்டு, ஒரு தடவை குந்திப் பாரும்மா, பிடிக்கலன்னா மேசைய வெட்டி அடுப்புக்குப் போட்டுடறேன்னேன். குந்திச்சு. குத்திச்சு. நீட்டுச்சு. மறுபடி குத்திச்சு, நீட்டுச்சு. வேகம் கூடிக்கினே போச்சு, கிழங்கு தேஞ்சு ஊர் பேர்ல 'சின்ன' போயி 'கரடு' மட்டும் மிச்சம். அப்பத்தான் அந்த வார்த்தைய சொல்லிச்சு, எழுதறது எனக்கு வசதியான கை, குடுக்கறது ஊருக்கு வசதியான கை, ரெண்டும் எங்கிட்டத்தான இருக்கு மாமான்னு. உன் தங்கச்சி சிரிச்சத நீ பாக்கலியேன்னுதான் எனக்கு இன்னி வரைக்கும் கொறை.

இதுக்கு நடுவுல எறும்பு கதை ஒண்ணு இருக்கு, அதை எழுதாம விட்டா உங்கம்மா எழுதிடும், அதனால நானே எழுதிடறேன். சில்லறை போட்டு வைக்க நான் ஒரு யோசனை பண்ணேன். நம்ம கரும்பு காய்ச்சறப்ப வெல்லம் ஊத்தற அச்சுப் பலகை பரண்ல கிடந்துச்சில்ல, வரிசையா குழி குழியா இருக்குமே, ஒரு குழியில நாலணா, ஒரு குழியில எட்டணா, பாக்க பேங்கு மாதிரி இருக்கும்னு எடுத்து மேசை மேல வெச்சேன். தொடைச்சுத்தான் வெச்சேன், கழுவல. இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு மொத நாள் காலையில பாத்தா ஜில்லாவுல இருக்கற எறும்பு பூரா நம்ம மேசை மேல. டின்னு அறைக்குள்ள, மெத்தைத் துணிக்குள்ள, ஒத்திகைக்கு வாங்கி வெச்சிருந்த ஸ்டாம்பு பின்னால இருக்கற பசையையும் விடல. அக்கா, சர்க்காருக்கு முன்னால எறும்பு வந்து குந்திடுச்சுடா தொரைன்னு சொல்லுச்சு. வெந்நீர் காய வெச்சு அச்ச ஊற வெச்சு மஞ்சள் போட்டு தேய்ச்சோம், வெயில்ல காய வெச்சோம். மேசைக் கால் நாலுக்கும் அடியில தேங்கா கொட்டாங்குச்சி வெச்சு தண்ணி ஊத்தி ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுச்சு அமிர்தம். எறும்பு மட்டும் இல்ல, கரையானும் ஏறாது. காகிதம் இருக்கற எடத்துக்கு அதுதான் முக்கியம், நீயும் அங்க அப்படி பண்ணு. இதுல நன்மை இன்னான்னா, நான் அச்சுப் பலகைய கழுவாம வெச்சதாலதான கொட்டாங்குச்சி யோசனையே வந்துச்சு.

இப்ப இன்ஸ்பெக்டர் வந்த கதை. மொதல்ல மாயவன் வூட்டுக்குத்தான் போனார். மொசைக்கு தரை, ஃபேன், எல்லாம் பாத்தார், பேனாவ வெளிய எடுக்கவே இல்ல. ஏன்னா அந்த அறைக்குப் போவணும்னா நடு வூட்டத் தாண்டித்தான் போவணும், மாயவன் நடு வூட்டுக்குள்ள யார விடுவான் யார விட மாட்டான்னு ஊருக்கே தெரியும், மலையிலேருந்து கடுக்காய் மூட்டையோட இறங்கறவங்களும் காலனிக்காரங்களும் மணியார்டர் வாங்க எங்க போயி நிப்பாங்க. நம்ம கொட்டாய்க்குத் தெருவுலேருந்து ஒரே எட்டு, கதவு கூட கிடையாது, படல்தான். அக்கா காப்பி போட உள்ள போச்சு, அறையில நாங்க மூணு பேருதான், இன்ஸ்பெக்டர், அமிர்தம், நான். அவர் ஒயர் நாற்காலிய தடவிப் பாத்தார். டின்னுங்களப் பாத்தார். குனிஞ்சு கொட்டாங்குச்சியப் பாத்தார், இது என்னய்யான்னார். சார், எறும்புக்கு இந்த ஆபீசுல வேலை இல்லீங்கன்னேன், வாய்விட்டு சிரிச்சார். எந்த இன்ஜினியர் போட்ட மேசைன்னு கேட்டார், அஞ்சாங் கிளாஸ் இன்ஜினியர் சார், எதிர்ல நிக்கறேன்னேன். அப்புறம் தன் பையிலேருந்து நெஜ முத்திரைய எடுத்து அமிர்தம் கையில குடுத்து, குத்திக் காட்டும்மான்னார். அமிர்தம் இடது கையில வாங்கிச்சு. சார், மாயவன் உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லியிருப்பாருங்களேன்னு மெதுவா கேட்டேன். அவர் சட்டைப் பையில கைய விட்டு பேனாவ எடுத்தார், காகிதத்த மேசை மேல வெச்சார், இடம் வசதின்னு எழுதி கையெழுத்து போட்டார். எந்தக் கையால தெரியுமா, இடது கையால! நம்ம அமிர்தம் மாதிரியே மணிக்கட்ட வளைச்சுக்கினு. போட்டுட்டு என்னை ஒரு பார்வை பாத்தார் பாரு, அந்தப் பார்வையில எல்லா பதிலும் இருந்துச்சு.

அன்னிக்கு சாயங்காலமே ஊர் பூரா இதே பேச்சு. டீக்கடையில நான் சொன்னேன், சொன்னத அவங்க வாய்க்கால் வரைக்கும் கொண்டு போனாங்க. இடது கைக்காரங்களத்தான் தபால்ல தேடித் தேடி எடுக்கறாங்களாம், அந்தக் கைதான் முத்திரைய அழுத்தமா குத்துமாம்னு இப்ப சொல்றாங்க, அது நான் சொன்னது இல்ல, அதுவா வளந்துச்சு. மொத நாளே காலனி காசியம்மாள், மகன் பட்டாளத்துலேருந்து அனுப்பின மணியார்டர வாங்க வந்து, ஜன்னலுக்கு வெளிய கிடந்த பெஞ்சில நல்லா சாஞ்சு உக்காந்துக்கினு, கண்ணு, எனக்கு அந்த ராசியான கையாலயே குடுன்னு கேட்டுச்சு. அமிர்தம் மேசையக் கடந்து எட்டி, இடது கையாலயே குடுத்துச்சு. நான் மூளையக் கசக்கி ஜன்னல மாத்தினது இன்னாத்துக்குன்னு எனக்கு ஒரு நிமிஷம் கோவமே வந்துச்சு. மாயவன் கூட நேத்து கார்டு வாங்க வந்தான். எந்தக் கையால வாங்கறதுன்னு தெரியாம ரெண்டு கையயும் நீட்டினான்.

மாப்ள, உடம்ப பாத்துக்க. அந்த ஊர் ரொட்டியையே தின்னுக்கினு இருக்காத, நம்ம ஊர் ஆளுங்க யாராச்சும் இருந்தா சேந்து சோறு வடிங்க. பொங்கலுக்கு கட்டாயம் வா, லீவு இப்பவே சொல்லி வை. எல்லாம் வல்ல கொளஞ்சியப்பர் உன்னையும் உன் வேலையையும் காப்பாத்துவார், மாமன் ஆசீர்வாதம் எப்பவும் உண்டு. வர்றப்ப ஒண்ணே ஒண்ணு மட்டும் ஞாபகத்துல வெச்சுக்க, டீக்கடையில யார் கேட்டாலும் இன்ஸ்பெக்டர் எந்தக் கைன்னு உனக்குத் தெரியாதுன்னு சொல்லிடு. ஏன்னா எனக்கே தெரியாது. அன்னிக்கு நான் அங்க இல்ல மாப்ள. காலையிலயே அமிர்தம், மாமா, அண்ணன் பிலாயிலேருந்து பார்சல் போட்டிருக்காராம், சின்னசேலம் ஸ்டேஷன்ல கிடக்குதாம், நீங்க போயி பேசினாத்தான் குடுப்பாங்கன்னு அனுப்பிடுச்சு. போனேன், பொழுதன்னிக்கும் பேசினேன், பாவம் அவங்களும் எல்லா மூட்டையையும் புரட்டிப் பாத்தாங்க. நீ பார்சலே போடலன்னு திரும்பி வர்ற பஸ்சுலதான் எனக்குப் புரிஞ்சுது. வூட்டுக்கு வந்து, கைய பாத்து அவர் ஒண்ணும் சொல்லலியாம்மான்னு கேட்டேன். அவர் கைய பாக்கவே இல்ல மாமா, முத்திரை நேரா விழுந்துச்சான்னுதான் பாத்தாருன்னு சொல்லிச்சு. இத ஊர்ல சொன்னா எவன் நம்புவான், அதனால நான் கொஞ்சம் சேத்தேன். யாராச்சும் அமிர்தத்தையே கேட்டாலும் அது சிரிச்சுக்கினு மாமாவ கேளுங்கன்னு சொல்லிடுது. இந்தக் கவர் மேல இருக்கற முத்திரை இருக்குதே, அது நெஜம், எம் முன்னாலயே குத்தினது. கவர தூக்கிப் போட்டுடாம, நேரா விழுந்திருக்குதான்னு மட்டும் பாத்து எழுது.

இப்படிக்கு,
உன் நல்லது கெட்டதுக்கு எப்பவும் முன்னால நிக்கற தாய்மாமன்,
தபாலாபீசு கட்டின தங்கதுரை.